அங்க அடையாளங்கள் இரண்டு

கொளஞ்சியப்பன் மனு எழுதுகிறவர். சங்கராபுரத்தில் ஒரு அரசு ஆபீசுக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி அவருடைய கடை. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, வாசலில் நீள பெஞ்சு. பட்டா மாறவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை நம் பக்கம் திருப்பி விட்டான் என்று யார் எதைக் கொண்டு வந்தாலும், "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து "இப்படிக்கு" வரை ஒரே பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி விடுவார். பதினெட்டு வருடமாக ஊர்க் கஷ்டத்தையெல்லாம் அப்படி அடக்கிய மனிதருக்குச் சொந்த மகள் விஷயத்தில் மட்டும் ஒரு வரி எழுத வரவில்லை.

மகள் தேவிப்ரியாவுக்குப் பத்து வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது கண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு வெள்ளை தெரிந்தது. அப்புறம் உதட்டோரம், முழங்கை, விரல்கள். கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரிடம் காட்டினார்கள். "வெண்புள்ளி. யாருக்கும் ஒட்டாது, உயிருக்கும் ஒண்ணும் செய்யாது. மருந்து மெதுவாத்தான் கேக்கும், கேக்காமலும் போகலாம். பிள்ளை மனசப் பாத்துக்குங்க, அதான் முக்கியம்" என்றார் டாக்டர். பூசிக்கொள்ள ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மனசுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

அதனால் அந்தப் பொறுப்பைக் கொளஞ்சியப்பன் எடுத்துக்கொண்டார். காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்து விடுவார். "நீ அழகு கண்ணு. ஒன்ன மாரி அழகு இந்தத் தாலுகாவுலயே கெடையாது." பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை, தட்டில் சோறு போடும்போது ஒருமுறை. ஒருநாள் தேவிப்ரியா அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"நேத்து மட்டும் பதினோரு வாட்டி சொன்னப்பா. அழகா இருக்கறவங்ககிட்ட யாரும் இத்தினி வாட்டி சொல்லமாட்டாங்க."

அடுத்து, கடையில் இருந்த கலர் பிரிண்டரில் சிறுத்தை, வண்ணத்துப்பூச்சி, புள்ளிமான், கடைசியில் ஒரு ஜெர்சி மாடு என்று படம் படமாக எடுத்து லேமினேட் செய்து அவள் படிக்கிற இடத்தில் ஒட்டினார்.

"இதெல்லாம் இன்னாப்பா?"

"அழகான ஜீவனுங்கம்மா. எல்லாத்துக்கும் ஒடம்புல புள்ளி இருக்குது பாரு."

"ஒண்ணு கூட மனுசன் இல்லியே."

அவர் மனைவி ஜெயசுதா பால் சொசைட்டியில் பாலுக்கு டிகிரி பார்க்கிறவள். எதிலும் தண்ணீர் கலந்திருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். "நீங்க கொஞ்ச நாள் சும்மா இருந்தாலே போதும், அதுவா சரியாப்பூடும்" என்றாள். ஆனால் அதுவாகச் சரியாகவில்லை. கொரோனா காலத்து மாஸ்க்குகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பீரோவில் கிடந்தன. தேவிப்ரியா அவற்றைக் கண்டெடுத்தாள். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் நடமாடினாள். சாப்பிடும்போதுகூட மாஸ்க்கைக் கழற்றாமல், தாடைப் பக்கம் தூக்கி, இட்லியைக் கீழ் வழியாக உள்ளே அனுப்பினாள்.

மே மாதம் பள்ளி விடுமுறை. வீட்டில் தனியாக விட முடியாது என்று கொளஞ்சியப்பன் மகளைக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

மனு எழுத வருகிறவர்களுக்கு எதிர் ஆபீஸ் திறக்கும் வரை வேறு வேலை கிடையாது. மாஸ்க்குக்கு மேலே கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை. "மீனும் பாலும் ஒண்ணா துன்னியா பாப்பா?" "செம்பு சொம்புல தண்ணி வெச்சிக் குடிக்கச் சொல்லுங்க." "எங்க மச்சினிச்சிக்கு இப்பிடித்தான் இருந்துச்சு, கழுதைப்பால் தடவனாங்க." ரோட்டில் போன லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டி, "கார்போக அரிசி! அரைச்சிப் பூசுங்க, கார்போக அரிசி!" என்று கத்திக்கொண்டே போனார். முதல் நாள் மட்டும் பதினான்கு யோசனைகள். அதில் ஒருவர் கத்திரிக்காயே ஆகாது என்றார். இன்னொருவர் கத்திரிக்காய்தான் மருந்தே என்றார். இரண்டு பேருக்கும் வாய்த் தகராறு முற்றி, சட்டையைப் பிடித்து, டீக்கடைக்காரர் வந்து விலக்கி விட வேண்டியதாயிற்று. தேவிப்ரியா மேஜைக்கு அடியில் போய்க் குந்திக்கொண்டாள். அதற்கப்புறம் அதுதான் அவள் இடம்.

மூன்றாம் நாள் நாராயணசாமி வந்தார். கரும்பு எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை இல்லாததால் எல்லா வேலையும் அவருக்கு இருந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்து, "பாப்பா, தாத்தா ஒண்ணு சொல்றன் கேளு" என்று தொடங்கினார். கொளஞ்சியப்பன் அப்போது ஒரு வாரிசுச் சான்று விண்ணப்பத்தில் மூழ்கியிருந்தார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், பழக்க தோஷத்தில், "எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடுங்க!" என்று சொல்லிவிட்டார்.

நாராயணசாமி அதை மனதார எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "எழுதிடலாம். யார் பேருக்கு எழுதறது?"

கொளஞ்சியப்பன் பதில் சொல்வதற்குள் மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"எம் பேருக்கு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. தேவிப்ரியா வெளியே வந்து, அப்பாவின் பழைய படிவம் ஒன்றை எடுத்து, தலைப்பையும் சில கட்டங்களையும் பேப்பர் வைத்து மறைத்து, "யோசனை கூறுவோர் விண்ணப்பம்" என்று எழுதி ஜெராக்ஸ் போட்டாள். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கூற விரும்பும் யோசனை, இந்த யோசனையால் குணமானவர் பெயரும் செல் நம்பரும். மற்ற கட்டங்கள் எல்லாம் பழைய படிவத்தில் இருந்தபடியே இருந்தன.

பக்கத்துக் கடை சாதுல்லா பாய் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர். யாரோ ஆர்டர் கொடுத்து, எழுத்துப் பிழை என்று வாங்காமல் போன "பரிசீலணையில் உள்ளது" ஒன்று அவரிடம் கிடந்தது. "ஒரு சுழி ஜாஸ்தியாப் போச்சும்மா. பரவால்லியா?" என்று கேட்டு, மைப்பெட்டியோடு கொடுத்தார்.

"ஆபீஸ்ல யாரும் படிக்க மாட்டாங்க பாய்" என்று வாங்கிக்கொண்டாள் தேவிப்ரியா.

நாராயணசாமி மணிமணியாக எழுதிக் கொண்டுவந்த விண்ணப்பத்தை அவள் விரல் வைத்துப் படித்தாள். கடைசியில் நிறுத்தினாள்.

"ஒம்பதாவது கட்டம் காலியா இருக்குது."

"எது?"

"அங்க அடையாளங்கள், ரெண்டு. மச்சமோ தழும்போ எழுதணும்."

நாராயணசாமி யோசித்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பார்த்தார். "எனுக்கு அதெல்லாம் இல்ல பாப்பா."

"ஒண்ணு கூடவா?"

"எங்கம்மா என்ன அப்பிடி வளத்துச்சு. ஒரு கீறல் கெடையாது."

"அடையாளம் இல்லாத மனுவ எடுத்துக்க முடியாதுங்க. வூட்ல நல்லாத் தேடிப் பாத்துட்டு வாங்க" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பெரிய மனுஷன் கோபித்துக்கொள்வாரே என்று கொளஞ்சியப்பன் எழுந்தார். ஆனால் நாராயணசாமி கோபிக்கவில்லை. பரீட்சையில் தோற்றவர் போலப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று சாயந்திரம் அவர் மனைவி டார்ச் லைட் அடித்து அவர் முதுகு முழுக்கத் தேடியதாகவும், ஒரு மச்சம்கூட அகப்படவில்லை என்றும் மறுநாள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

இந்தச் செய்தி பரவிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. யோசனை சொல்ல விண்ணப்பம் எழுத வேண்டும் என்றால் ஜனம் கலைந்துவிடும் என்றுதான் கொளஞ்சியப்பன் நினைத்தார். பதினெட்டு வருட அனுபவத்தில் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: படிவம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பாமல் நம் ஜனத்துக்கு இருப்புக் கொள்ளாது. மணலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். டோக்கன் கேட்டார்கள்; தேவிப்ரியா துண்டுத்தாளில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். ஆதார் நகல் வேண்டுமா, பாஸ்போர்ட் போட்டோ எத்தனை என்று கேட்டார்கள். வேண்டாம் என்றால் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

யோசனைக் கட்டத்தை இரண்டு வார்த்தையில் முடித்தவர்கள் ஒன்பதாவது கட்டத்தில் பேனாவை நிறுத்தி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மேஜை மேல் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்கள். அடுப்பில் விழுந்து சுட்ட தொடை. ஆறாவது விரலை அறுத்த இடம். ஒரு கல்யாணப் பெண் ஜாக்கெட் கையை ஏற்றி, தோளில் இருந்த பெரிய கறுப்பு மறுவைக் காட்டி, "மாப்ள வூட்டுக்கு இன்னும் தெரியாது" என்றாள். தேவிப்ரியா எல்லாவற்றையும் உற்றுப் பார்த்து, "சரியா இருக்குது" என்று ஸ்டாம்பு குத்தினாள். அவர்கள் ஏதோ பாரம் இறங்கியது போலப் போனார்கள். சொல்ல வந்த யோசனையைப் பாதிப்பேர் சொல்லவே மறந்து போனார்கள்.

எதிர் ஆபீசிலிருந்து சின்னராசு என்கிற கிளார்க் ஒருநாள் ரோட்டைத் தாண்டி வேகமாக வந்தார். "இன்னாங்க கொளஞ்சியப்பன், எங்க ஆபீசுக்கு வர்ற ஜனம்லாம் இந்த லைன்ல நின்னுக்கினு இருக்குது. அங்க ஒரு ஆளக் காணோம்" என்று சத்தம் போட்டார். அப்போது அவர் கண்ணில் தேவிப்ரியா பட்டாள். குரல் இறங்கியது. "பாப்பாவுக்கு இதுவா? இதுக்கு நா ஒண்ணு சொல்லட்டுமா..."

"டோக்கன் வாங்கிக்கினு வாங்க சார்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சின்னராசு டோக்கன் வாங்கினார். இருபத்து மூன்று. வெயிலில் நின்றார். முறை வந்ததும் படிவத்தை நீட்டினார். ஒன்பதாவது கட்டத்தில், "இடது காது பிறவியிலேயே பிளவு" என்று பொடி எழுத்தில் இருந்தது. காதை மூடி முடி வளர்த்திருந்தார்.

"முடிய ஒதுக்குங்க சார். சரி பாக்கணும்."

"எழுதனது போதாதா?"

"பாக்காம எப்பிடி சார் ஸ்டாம்பு வெக்கறது?"

சின்னராசு சுற்றும் முற்றும் பார்த்தார். கை காது வரை போய்த் திரும்பியது. தேவிப்ரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவள் மாஸ்க்கைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, "இதோ, நா காட்டிக்கினு இல்ல? நீங்க இன்னா சார்!" என்றாள்.

சின்னராசு முடியை ஒதுக்கினார். கொளஞ்சியப்பன் ஜெராக்ஸ் மிஷினில் தாள் சிக்கிக்கொண்டது போல அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். உள்ளே தாள் எதுவும் சிக்கியிருக்கவில்லை. அன்று மத்தியானம் மகள் இட்லியை நேர் வழியாகச் சாப்பிட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயசுதாவிடம் போனில் மட்டும் சொன்னார். "நீங்க எதுவும் பேசி வெக்காதீங்க" என்றாள் அவள்.

அந்த வாரக் கடைசியில் நாராயணசாமி நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். பைக்கை நிறுத்தும்போது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்டுவிட்டதாம். "வந்துருச்சு பாப்பா!" என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னொண்ணு?" என்றாள் தேவிப்ரியா.

அவர் சிரிப்பு மறைவதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "சரி, ஒண்ணு போதும், எழுதுங்க" என்று ஸ்டாம்பு வைத்தாள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் ஆயம்மாள் வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். நாற்பது வயதிருக்கும். வேறு ஏதோ சான்றிதழுக்காக வந்தவள், கூட்டத்தைப் பார்த்து இந்த வரிசையில் நின்றுவிட்டாள். அவள் முன்னால் வந்து நின்றதும் தேவிப்ரியாவின் கையில் இருந்த ஸ்டாம்பு அப்படியே நின்றது. ஆயம்மாளின் முகத்தில் பாதி, கழுத்து, இரண்டு கை முழுக்க வெள்ளை. மூடவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

ஆயம்மாள் படிவத்தைப் பார்த்தாள். "எனக்கு எழுத வராது. நீயே எழுதிக்க. அடையாளம்னு கேட்டா எதச் சொல்றது? எங்க பாத்தாலும் அதான்."

"யோசனை இன்னாங்க?" என்று மெல்லக் கேட்டாள் தேவிப்ரியா.

"யோசனையா! எங்கிட்ட ஒண்ணும் இல்ல தாயி. எனக்கு இது வந்து இருவத்திரண்டு வருசம் ஆவுது. ஊர்ல நாப்பது வூடு. நா தண்ணிக்குப் போனா யோசனை, வெறகுக்குப் போனா யோசனை. ஒருத்தரும் என்ன ஏதுன்னு வேற ஒரு பேச்சுப் பேசறதில்ல. நிறுத்தச் சொல்லி ஒரு உத்தரவு போட்டுக் குடு. அது போதும்."

கொளஞ்சியப்பன் எழுந்து வந்தார். "தோ பாருங்கம்மா, இது ஆபீஸ் இல்ல. இது எம் பொண்ணு. லீவுக்கு..."

"ஸ்டாம்பு வெச்சிருக்குதே" என்றாள் ஆயம்மாள்.

தேவிப்ரியா அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள். "ஆயம்மாள் அவர்களின் தோலைப் பற்றி இன்று முதல் யாரும் எந்த யோசனையும் கூறக் கூடாது என்று இதன் மூலம் உத்தரவிடப்படுகிறது." கொளஞ்சியப்பன் பேனாவைப் பிடுங்கி அடியில், "இது அரசு உத்தரவு அல்ல" என்று எழுதினார். தேவிப்ரியா பேனாவைத் திரும்ப வாங்கி, அதற்கும் அடியில், "ஆனாலும் கடைப்பிடிக்கவும்" என்று எழுதி ஸ்டாம்பு குத்தினாள்.

நான்கு நாள் கழித்து ஆயம்மாள் யாருடைய போனிலிருந்தோ பேசினாள். பேப்பரைக் காட்டினால் ஊரில் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். உத்தரவு போட்ட ஆபீசரே நேரில் வந்து வாசித்தால்தான் ஏற்போம் என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டதாம்.

"போவலாம்ப்பா" என்றாள் தேவிப்ரியா.

"இன்னா பேசற நீ? மலை மேல போயி..."

"அவங்க லைன்ல நின்னு வாங்கிக்கினு போன உத்தரவு."

ஜெயசுதா சொசைட்டிக்கு ஒருநாள் லீவு சொன்னாள். மூன்று பேரும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறினார்கள். பாதி வழியில் கொளஞ்சியப்பன் வாந்தி எடுத்தார். வளைவுதான் காரணம் என்றார். பயம் என்று ஜெயசுதாவுக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவே பிள்ளையை நிறுத்தி, எல்லோரும் அதன் முகத்தையே பார்ப்பார்களே என்கிற பயம்.

பார்க்கத்தான் பார்த்தார்கள். நாற்பது வீட்டு ஜனமும் பலாமரத்தடியில் கூடியிருந்தது. ஆபீசர் உட்கார ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு, அதன் மேல் துண்டு விரித்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த முனியன் என்கிற ஊர்ப் பெரியவர் தேவிப்ரியாவைக் கண்டதும் எழுந்தே விட்டார். "அடடா, ஆபீசருக்குமா! இதுக்கு ஒரு பச்சிலை..."

"குந்துங்க" என்றாள் தேவிப்ரியா. முனியன் உட்கார்ந்தார். அவள் சேரின் மேல் ஏறி நின்று, உத்தரவை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இது அரசு உத்தரவு அல்ல" என்பதையும் ஒளிக்காமல் வாசித்தாள். "ஆனாலும் கடைப்பிடிக்கவும்" என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அரசு உத்தரவைவிட இது கண்டிப்பானது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முனியன் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஆபீசரம்மா, ஒரு சந்தேகம். யோசனை சொல்லக்கூடாதுன்னா, ஆயம்மா எதுக்க வந்தா நாங்க வேற இன்னாதான் பேசறது?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மற்றவர்களும் அதையே கேட்பது போல தேவிப்ரியாவைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அவர்கள் ஆயம்மாளிடம் வேறு எதுவும் பேசிப் பழகவில்லை. தேவிப்ரியா அப்பாவைப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் ஜெயசுதாவைப் பார்த்தார். ஜெயசுதா, "எதனா கேளுங்களேன், காடு கழனி இல்லியா அவங்களுக்கு?" என்றாள்.

ஊர் யோசித்தது. நெற்றியைச் சுருக்கி, தலையைச் சொறிந்து, ஒட்டுமொத்தமாக யோசித்தது. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, பரீட்சை எழுதுகிறவள் போலத் தயங்கி, "ஆயம்மா... ஒன் மரவள்ளிக் காட்ல எலி ஜாஸ்தியா?" என்றாள்.

ஆயம்மாள் திரும்பினாள். "எலியா? இருந்துச்சு. இப்ப ஒண்ணு கெடையாது."

"ஒண்ணு கூடவா? எங்க காட்ல பாதிக் கெழங்கு அதுங்களுக்குத்தான்! இன்னா பண்ண?"

ஆயம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். மூங்கில் குழாயில் பொறி செய்த விதம், எந்த வளைக்கு எந்தப் பக்கம் வைப்பது, மழைக்கு முன்னால் எலி எங்கே நகரும் என்று எழுந்து நின்று, கையை வீசி, நடந்து காட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னாள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. முனியன் இரண்டு தடவை மறித்துச் சந்தேகம் கேட்டார். ஆபீசரை எல்லோரும் மறந்து போனார்கள். தேவிப்ரியா சேரைவிட்டு இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பலாக்கொட்டை சுடப் போய்விட்டாள். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பச் சொல்லி ஜெயசுதா மூன்றுமுறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. கடையில் தேவிப்ரியாவின் கவுன்ட்டரை மூடினார்கள். மணலூர்பேட்டைக்காரர்கள் இன்றைக்கும் வந்து, பாப்பா ஆபீஸ் எப்போது திறக்கும் என்று விசாரிக்கிறார்கள். தேவிப்ரியாவின் வெண்புள்ளி குறையவில்லை. மோவாயில் புதிதாக ஒன்று வந்தது. அதை அவளே கண்ணாடியில் கண்டுபிடித்து, "ம்மா, இங்க ஒண்ணு வந்துருக்குது" என்றாள். களிம்பைத் தடவிக்கொண்டாள். சில நாள் முழுக்கைச் சட்டை கேட்டாள், சில நாள் மறந்துபோனாள்.

ஜூலையில் ஒரு சாயந்திரம் அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கடைக்கு வந்தாள். கொளஞ்சியப்பனுக்கு உயிரே போய்விட்டது. எழுதிக்கொண்டிருந்த மனுவைப் போட்டுவிட்டு ஓடினார்.

"யாரு இன்னா சொன்னாங்க? சொல்லு கண்ணு, யாரு?"

"யாரும்... யாரும் ஒண்ணும் சொல்லல. கணக்குல... பத்துக்கு மூணு."

"கணக்கா?"

"பின்னத்துல எல்லாம் தப்பு. டீச்சர் எல்லாருக்கும் முன்னால படிச்சிட்டாங்க."

"வேற ஒண்ணும் இல்லியே? கணக்குக்கு மட்டுந்தான அழற?"

"ஆமாம்ப்பா!"

கொளஞ்சியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டீக்கடையில் அங்கேயிருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். சாதுல்லா பாய் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, "இன்னா கொளஞ்சி, பாப்பா ஃபர்ஸ்ட் மார்க்கா?" என்று கேட்டார்.

"மூணு பாய்! பத்துக்கு மூணு!"

தேவிப்ரியா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து மெதுவாகப் போனை எடுத்து, பால் சொசைட்டிக்கு அம்மாவைக் கூப்பிட்டாள்.